எஃப்.இ. தேர்வு: அமெரிக்காவில் பொறியாளர் உரிமத்துக்கு முதல் வாசல்

நம் ஊரில் சிவில் முடித்துவிட்டு மேற்படிப்புக்கு அமெரிக்கா போகிறவர்கள், பெரும்பாலும் முதல் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் இந்தப் பெயரைக் கேள்விப்படுகிறார்கள். வேலை விளம்பரத்தின் கடைசி வரிகளில் 'இ.ஐ.டி. (பயிற்சிப் பொறியாளர்) சான்று இருந்தால் முன்னுரிமை' என்றோ, 'சேர்ந்த பிறகு குறிப்பிட்ட காலத்துக்குள் எஃப்.இ. தேற வேண்டும்' என்றோ போட்டிருக்கும். நான்கு வருடம் இளநிலை, அதற்கு மேல் முதுநிலை, இப்போது இன்னொரு தேர்வா என்று சலிப்பு வருவது இயல்புதான். ஆனால் இந்தத் தேர்வு எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் படிக்கிற விதமே மாறிவிடும். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எஃப்.இ. என்பது 'ஃபண்டமென்டல்ஸ் ஆஃப் இன்ஜினியரிங்' என்பதன் சுருக்கம். இளநிலைப் படிப்பில் பார்த்த அடிப்படைப் பாடங்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட்டுப் பார்க்கிற தேர்வு. நடத்துவது என்.சி.இ.இ.எஸ். என்ற அமைப்பு. அமெரிக்க மாநிலங்களின் உரிம வாரியங்கள் சேர்ந்து உருவாக்கிக்கொண்ட கூட்டமைப்பு அது. தேர்வு வைத்து முடிவு சொல்வதுதான் அதன் வேலை. உரிமம் கொடுக்கிற அதிகாரம் அந்தந்த மாநில வாரியத்திடம் இருக்கிறது. அதனால்தான் 'எஃப்.இ. எழுத என்னென்ன வேண்டும்?' என்று இரண்டு பேரிடம் கேட்டால் இரண்டு பதில் வரும். ஒருவர் டெக்சாஸில் இருப்பார், இன்னொருவர் நியூயார்க்கில் இருப்பார். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

பாதை மொத்தமாக இப்படிப் போகும்: பட்டம், எஃப்.இ. தேர்வு, மாநில வாரியம் தரும் 'இன்ஜினியர் இன் டிரெய்னிங்' சான்று (அதுதான் இ.ஐ.டி.; சில மாநிலங்களில் 'இன்ஜினியர் இன்டர்ன்' என்பார்கள்), பிறகு உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் பெரும்பாலும் நான்கு வருட வேலை அனுபவம், அப்புறம் 'ப்ரொஃபெஷனல் இன்ஜினியர்' தேர்வு. அதையும் தாண்டினால் உரிமமும், வரைபடத்தில் குத்துவதற்கு உங்கள் பெயர் பொறித்த சீலும் கிடைக்கும். எஃப்.இ. இந்தப் பாதையின் முதல் வாசல். இதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த வரைபடத்திலும் பொறுப்புக் கையெழுத்துப் போட முடியாது.

பட்டம் இருக்கும்போது உரிமம் எதற்கு?

இந்தியாவில் கட்டடக் கலைஞர்களுக்கு 1972-இல் வந்த ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் இருக்கிறது. பதிவு செய்யாமல் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளக் கூடாது. பொறியாளர்களுக்கு அதுபோல நாடு முழுவதற்குமான சட்டம் இல்லை. தமிழ்நாட்டில் கட்டட அனுமதிக்கு வரைபடம் போடுகிற பொறியாளர்கள் 2019 கட்டட விதிகளின்படி பதிவு செய்துகொள்கிறார்கள். மற்றபடி டிகிரி சான்றிதழே போதும். அதனால் 'உரிமம் பெற்ற பொறியாளர்' என்ற எண்ணமே நமக்குக் கொஞ்சம் அந்நியமாகத்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் முதல் உரிமச் சட்டம் 1907-இல் வயோமிங் மாநிலத்தில் வந்தது. வறண்ட மாநிலம்; ஆற்றுத் தண்ணீர் யாருக்கு எவ்வளவு என்பதுதான் அங்கே பெரிய சண்டை. தண்ணீர் உரிமைக்கான விண்ணப்பங்களோடு வரைபடமும் வைக்க வேண்டும். வக்கீல்கள், நோட்டரிகள் என்று யார் யாரோ வரைந்து, பொறியாளர் என்று கையெழுத்தும் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மாநிலத் தலைமைப் பொறியாளராக இருந்த கிளாரன்ஸ் ஜான்ஸ்டன் இதைப் பொறுக்க முடியாமல் சட்டம் கொண்டுவரச் செய்தார். அதன் பிறகு ஒவ்வொரு மாநிலமாகச் சட்டம் வந்தது. சில மாநிலங்களில் அதற்குக் கொடுத்த விலை பயங்கரமானது. டெக்சாஸின் நியூ லண்டன் என்ற ஊரில் 1937 மார்ச் 18-ஆம் தேதி பள்ளிக்கூடத்துக்கு அடியில் கசிந்து தேங்கிய இயற்கை வாயு வெடித்து, ஏறக்குறைய 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். அந்த வருடமே டெக்சாஸ் பொறியாளர் உரிமச் சட்டத்தை நிறைவேற்றியது.

இன்னொரு விபத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் உள்ள கணக்கு எஃப்.இ. தேர்வின் கணக்கேதான். 1981 ஜூலை 17, மிசௌரி மாநிலத்தின் கான்சஸ் சிட்டி. ஹயாட் ரீஜன்சி ஹோட்டலின் பெரிய முகப்புக் கூடத்தில் நடன விழா நடந்துகொண்டிருந்தது. மேலே அந்தரத்தில் தொங்கிய நடைபாலங்கள் இரண்டு இடிந்து கூட்டத்தின் மேல் விழுந்தன. 114 பேர் இறந்தார்கள்.

நான்காம் மாடிப் பாலமும் இரண்டாம் மாடிப் பாலமும் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாகத் தொங்கின. முதலில் போட்ட வரைபடத்தின்படி, கூரையிலிருந்து வரும் ஒரே இரும்புக் கம்பி நான்காம் மாடி உத்தரத்தைத் துளைத்துக்கொண்டு இரண்டாம் மாடி வரைக்கும் இறங்கும். இரண்டு உத்தரங்களும் அந்தக் கம்பியில் தனித்தனியாக நட்டு போட்டு நிற்கும். அவ்வளவு நீளக் கம்பிக்கு மரை வெட்டுவது சிரமம் என்று, உற்பத்தியின்போது அதை இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். முதல் கம்பி கூரையிலிருந்து நான்காம் மாடி உத்தரம் வரை. இரண்டாவது கம்பி நான்காம் மாடி உத்தரத்திலிருந்து இரண்டாம் மாடிக்கு.

பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கிணற்றுக் கயிற்றில் இரண்டு பேர் தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் கயிற்றைப் பிடித்திருந்தால், மேலே இருப்பவரின் கை அவர் எடையை மட்டும்தான் தாங்க வேண்டும். கீழே இருப்பவர் கயிற்றை விட்டுவிட்டு மேலே இருப்பவரின் காலைப் பிடித்துக்கொண்டால், கயிற்றுக்கு அதே பளுதான். ஆனால் மேலே இருப்பவரின் பிடிக்கு இரண்டு மடங்கு.

ஒரு பாலத்திலிருந்து ஒரு கம்பிக்கு வரும் பளுவை P என்று வைத்துக்கொள்வோம். முதல் வரைபடத்தில் நான்காம் மாடி உத்தரத்துக்கு அடியில் உள்ள நட்டு தாங்குவது P. மாற்றிய பிறகு 2P. மேல் கம்பியில் உள்ள இழுவிசை இரண்டு முறையிலும் 2P-தான்; அதனால் கம்பியை மட்டும் சரிபார்த்தவருக்குக் குறை எதுவும் தெரியாது. முதல் வரைபடமே அந்த நகரத்தின் கட்டட விதி கேட்ட வலிமையைக் கொண்டிருக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. அதன் மேல் இந்த மாற்றமும் சேர்ந்துகொண்டது. அந்த உத்தரத்தைத் தனியாகப் பிரித்து, அதன் மேல் வரும் விசைகளை மட்டும் காட்டும் ஒரு ஃபிரீ பாடி டயகிராம் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். மாற்றப்பட்ட வரைபடத்தில் உரிமம் பெற்ற பொறியாளரின் சீல் இருந்தது. பொறுப்பில் இருந்த இருவரின் உரிமம் மிசௌரியில் பறிக்கப்பட்டது.

உரிமம் என்பதன் அர்த்தம் இதுதான். 'நான் சரிபார்த்தேன், நான் பொறுப்பு' என்று ஒரு தனி மனிதர் பொதுமக்களுக்குச் சொல்கிறார். கம்பெனியின் பெயருக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொள்ள முடியாது. அந்த இடத்துக்கு ஒருநாள் போகப்போகிறவருக்கு அடிப்படை கையில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எஃப்.இ. அதனால்தான் அதில் ஆழம் குறைவு, அகலம் அதிகம்.

யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை

சிவில், ஸ்ட்ரக்சுரல், மண்ணியல், போக்குவரத்து, தண்ணீர், சுற்றுச்சூழல் துறைகளில் கன்சல்டன்சியிலோ அரசுத் துறையிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இது ஏறக்குறைய கட்டாயம். கட்டடங்களின் ஏசி, மின்சாரம், தீத்தடுப்பு அமைப்புகளை வடிவமைக்கும் மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல்காரர்களுக்கும், மின்வாரியம் சார்ந்த வேலைகளுக்கும் இது உதவும். கார் கம்பெனியிலோ சிப் கம்பெனியிலோ தயாரிப்புப் பொருள் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் விலக்கு உண்டு. சாஃப்ட்வேர் துறைக்கென்று முழு உரிமத் தேர்வு ஒன்றையும் கொஞ்ச காலம் நடத்திப் பார்த்தார்கள். எழுத ஆள் வராததால் 2019-இல் நிறுத்திவிட்டார்கள். ஐ.டி. வேலைக்குப் போகிறவர் இந்தத் தேர்வுக்காக மெனக்கெட வேண்டியதில்லை.

சிவில்காரர்களுக்கு ஒரு வார்த்தை: படிப்பின் கடைசி செமஸ்டரிலோ முடித்த உடனேயோ எழுதிவிடுங்கள். ஐந்து வருடம் வடிகால் வடிவமைப்பு மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த ஒருவருக்கு டைனமிக்ஸும் டிஃபரென்ஷியல் ஈக்குவேஷனும் மறுபடி பிடிபடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

தேர்வின் அமைப்பு

2013 கடைசி வரை இது ஏப்ரலிலும் அக்டோபரிலும் காகிதத்தில் நடந்த எட்டு மணி நேரத் தேர்வு, 180 கேள்விகள். 2014 ஜனவரியிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறி, பியர்சன் வியூ என்ற நிறுவனத்தின் கம்ப்யூட்டர் தேர்வு மையங்களில் வருடம் முழுவதும் நடக்கிறது. இப்போது 110 கேள்விகள். மையத்தில் மொத்தம் 6 மணி நேரம். அதில் உறுதிமொழிக்கும் திரையைப் பழகிக்கொள்வதற்கும் 10 நிமிடம், இடைவேளை 25 நிமிடம், கேள்விகளுக்கு 5 மணி 20 நிமிடம். ஒரு கேள்விக்கு மூன்று நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு.

ஏழு வகைத் தேர்வுகள் உண்டு: கெமிக்கல், சிவில், எலக்ட்ரிக்கல் அண்ட் கம்ப்யூட்டர், என்விரான்மென்டல், இண்டஸ்ட்ரியல் அண்ட் சிஸ்டம்ஸ், மெக்கானிக்கல், இவற்றில் அடங்காதவர்களுக்கு 'அதர் டிசிப்ளின்ஸ்'. சிவில் தேர்வை எடுத்துக்கொண்டால் பதினான்கு தலைப்புகள். தண்ணீர்–சுற்றுச்சூழல், ஸ்ட்ரக்சுரல், ஜியோடெக்னிக்கல் மூன்றிலும் தலா 10 முதல் 15 கேள்விகள். போக்குவரத்து 9 முதல் 14. கணிதமும் புள்ளியியலும் சேர்ந்து 8 முதல் 12, ஸ்டேட்டிக்ஸும் அப்படியே. சர்வேயிங் 6 முதல் 9. நம் சிவில் பாடத்திட்டத்தோடு இது பெரும்பாலும் ஒத்துப்போகிறது என்பது நல்ல செய்தி.

பெரும்பாலானவை நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். சிலவற்றில் சரியான விடைகள் ஒன்றுக்கு மேல் இருக்கும். சிலவற்றில் எண்ணை நாமே தட்டச்சு செய்ய வேண்டும். சிலவற்றில் படத்தில் சரியான இடத்தைச் சுட்டவோ, பெயர்களை இழுத்துப் பொருத்தவோ வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது. நம் ஊர் முதுநிலை நுழைவுத் தேர்வான 'கேட்' (GATE) எழுதிப் பழகியவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே நெகட்டிவ் மார்க் பயத்தில் கேள்வியை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் கையோடு ஊறியிருக்கும். இங்கே ஒரு கேள்வியைக்கூட வெறுமையாக விடக் கூடாது.

கேட்டோடு இன்னொரு வித்தியாசமும் உண்டு. கேட் தரவரிசைத் தேர்வு. அடுத்தவரைவிட நாம் எவ்வளவு மேலே என்பதுதான் அங்கே கணக்கு. எஃப்.இ.யில் தேறினீர்களா இல்லையா என்பது மட்டும்தான். தேறியவருக்கு மதிப்பெண்ணே சொல்ல மாட்டார்கள். எத்தனை கேள்வி சரியாக இருந்தால் பாஸ் என்பதையும் வெளியிடுவதில்லை. அதனால் ஒரே தலைப்பில் கரை கண்டுவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மேட்ரிக்ஸ் முறையில் மூன்று மாடிச் சட்டகத்தைத் தீர்க்கத் தெரிந்தவர், சர்வேயில் வளைவின் நீளம் கண்டுபிடிக்கும் நான்கு சுலபமான கேள்விகளை விட்டால் இழப்பு அவருக்குத்தான்.

கையேடும் கால்குலேட்டரும்

உள்ளே எந்தப் புத்தகமும் எடுத்துப் போக முடியாது. அதற்குப் பதிலாக 'எஃப்.இ. ரெஃபரென்ஸ் ஹேண்ட்புக்' என்ற கையேட்டை திரையின் ஒரு பக்கத்தில் திறந்து வைப்பார்கள். ஏழு துறைகளுக்கும் பொதுவான சூத்திரங்கள், அட்டவணைகள், வரைபடங்கள் எல்லாம் அதில் இருக்கும். இதன் பி.டி.எஃப்.பை என்.சி.இ.இ.எஸ். இணையதளத்தில் கணக்குத் தொடங்கி இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

படிக்கத் தொடங்கும் முதல் நாளிலிருந்து இந்த பி.டி.எஃப். மட்டும்தான் உங்கள் சூத்திரப் புத்தகமாக இருக்க வேண்டும். கல்லூரி நோட்டில் உள்ள சூத்திரம் சரியாகவே இருந்தாலும் தள்ளி வையுங்கள். கையேட்டில் அதே சூத்திரம் வேறு குறியீட்டில் இருக்கும், வேறு அத்தியாயத்தில் இருக்கும். தேர்வு நேரத்தில் அங்கே போய்த் தேடினால் இரண்டு நிமிடம் போய்விடும். தேடல் பெட்டி உண்டு, ஆனால் அது எழுத்துக்கு எழுத்து தேடுகிற பெட்டி. நமக்குப் பழகியது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டு. கையேடு அமெரிக்க எழுத்துக்கூட்டில் இருக்கிறது. சென்டர், ஃபைபர், லெவலிங் போன்ற சொற்களை நம் ஊர் வழக்கப்படி தட்டினால் ஒன்றும் கிடைக்காமல் திகைக்க நேரிடும். ஒரு சொல்லின் பொதுவான பகுதியை மட்டும் தட்டித் தேடுவது பழகிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

கால்குலேட்டர் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. அனுமதிக்கப்பட்ட பட்டியலில் கேசியோ எஃப்.எக்ஸ்-991 வரிசை முழுவதும் இருக்கிறது. தமிழ்நாட்டு இன்ஜினியரிங் மாணவர் பையில் பெரும்பாலும் கிடப்பது அதுதான். மாதிரிப் பெயரில் '991' அல்லது '115' என்று இருந்தால் கேசியோ செல்லும். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் டி.ஐ.-30எக்ஸ், டி.ஐ.-36எக்ஸ் வரிசைகள் செல்லும். வரைபடம் போடுகிற பெரிய கால்குலேட்டர்கள் செல்லாது. பழைய 991-ஐ ஊரிலிருந்து எடுத்து வாருங்கள், பேட்டரி மட்டும் புதிதாகப் போடுங்கள். அதிலேயே சமன்பாடு தீர்ப்பது, மேட்ரிக்ஸ், வெக்டர், தொகையீடு எல்லாம் உண்டு. பலர் நான்கு வருடமும் அதைக் கூட்டல் கழித்தலுக்கே பயன்படுத்தியிருப்பார்கள். இப்போது அதன் 'மோட்' பட்டனை முழுமையாகக் கற்றுக்கொள்வது நல்ல முதலீடு.

அடியும் அங்குலமும்

நம் ஊரிலிருந்து போகிறவர்களுக்கு உண்மையான சோதனை இங்கேதான். கேள்விகள் எஸ்.ஐ. அலகிலும் வரும், அமெரிக்க அலகிலும் வரும். நியூட்டன், மீட்டர், பாஸ்கல் என்று வளர்ந்தவருக்கு கிப், கே.எஸ்.ஐ., கன அடி என்று பார்த்தவுடன் கை தடுமாறும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 10 அடி நீள இரும்புக் கம்பி, குறுக்குவெட்டுப் பரப்பு 1 சதுர அங்குலம், இழுக்கும் விசை 29 கிப். இரும்பின் மீட்சிக் குணகம் 29,000 கே.எஸ்.ஐ. எவ்வளவு நீளும்? நாம் எல்லோரும் அறிந்த PL/AE-தான்: விசையையும் நீளத்தையும் பெருக்கி, பரப்பு, மீட்சிக் குணகம் இரண்டின் பெருக்கத்தால் வகுப்பது. கிப் என்பது 1,000 பவுண்டு விசை, கே.எஸ்.ஐ. என்பது சதுர அங்குலத்துக்குக் கிப். ஆக நீளமும் அங்குலத்தில் வர வேண்டும்: 10 அடி என்றால் 120 அங்குலம். 29 × 120 ÷ 29,000 = 0.12 அங்குலம். இதில் அடியை அங்குலமாக மாற்ற மறந்தால் விடை 0.01 வரும். இப்படிப்பட்ட தவறான எண்ணும் விடைகளில் ஒன்றாக அங்கே உட்கார்ந்திருக்கும் என்று நினைத்தே கணக்கைப் போடுங்கள். நம் விடை கொடுத்த நான்கில் ஒன்றாக இருப்பதால் மட்டும் அது சரியாகிவிடாது.

சில எண்கள் மனதில் நின்றுவிட்டால் பாதி பயம் போய்விடும். தண்ணீரின் எடை கன அடிக்கு 62.4 பவுண்டு. கான்கிரீட் சுமார் 150 பவுண்டு. 10 அடி ஆழத் தண்ணீர்த் தொட்டியின் அடியில் அழுத்தம் 624 பவுண்டு ஒரு சதுர அடிக்கு. சதுர அங்குலத்துக்கு வேண்டுமென்றால் 144-ஆல் வகுத்து 4.33. கால்வாய் ஓட்டத்துக்கான மேனிங் சூத்திரத்தில் எஸ்.ஐ. அலகுக்கு முன்னால் 1 வரும், அமெரிக்க அலகுக்கு 1.486 வரும். நாம் கல்லூரியில் 1-ஐ மட்டுமே பார்த்திருப்பதால் அந்த 1.486-ஐ மறப்பது மிகச் சுலபம். இதேபோல பவுண்டு நிறை, பவுண்டு விசை இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் 32.2 (அமெரிக்க அலகில் புவியீர்ப்பு முடுக்கம்) எங்கே வரும், எங்கே வராது என்று பத்துக் கணக்கு போட்டுப் பார்த்துவிட வேண்டும். அமெரிக்க அலகில் வருகிற கேள்வியை முழுவதும் எஸ்.ஐ.க்கு மாற்றி, போட்டு முடித்து, திரும்ப மாற்றுவது நேரத்தைத் தின்னும். அவர்கள் அலகிலேயே யோசிக்கப் பழகுங்கள்.

ஸ்ட்ரக்சுரல் பகுதியில் இன்னொரு மாற்றம். கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456, எஃகுக்கு ஐ.எஸ். 800 என்று இந்திய விதிகளைப் படித்ததற்குப் பதிலாக அங்கே ஏ.சி.ஐ. 318, ஏ.ஐ.எஸ்.சி. என்ற அமெரிக்க விதிகள். கருத்து ஒன்றுதான், பாதுகாப்புக் காரணிகள் வைக்கிற இடம்தான் வேறு. தேவையான பகுதி கையேட்டிலேயே இருக்கிறது.

நாம் அதிகம் பொருட்படுத்தாத இரண்டு பாடங்கள்

எத்திக்ஸும் இன்ஜினியரிங் எகனாமிக்ஸும். சிவில் தேர்வில் எத்திக்ஸ் 4 முதல் 6 கேள்வி, எகனாமிக்ஸ் 5 முதல் 8. சேர்த்துப் பார்த்தால் பெரிய தலைப்பு ஒன்றுக்குச் சமம், படிக்க ஆகிற நேரமோ அதில் பாதிகூட இல்லை.

எகனாமிக்ஸில் மையக் கருத்து ஒன்றுதான்: இன்றைய பணமும் நாளைய பணமும் ஒன்றல்ல. ஐந்து வருடம் கழித்து ஒரு பம்பை மாற்ற 10,000 டாலர் ஆகும், வட்டி 8 சதவீதம். இன்றைக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்? கையேட்டில் 8 சதவீத அட்டவணையைத் திறந்து, ஐந்தாம் வரிசையில் P/F (எதிர்காலத் தொகையின் இன்றைய மதிப்பு) என்ற கட்டத்தைப் பார்த்தால் 0.6806 என்று இருக்கும். பெருக்கினால் 6,806 டாலர். ஒரு நிமிட வேலை. வருடா வருடம் ஒரே தொகை என்றால் P/A கட்டம். பணம் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று ஒரு கோட்டில் அம்புக்குறி போட்டுப் பழகினால் இந்தக் கேள்விகள் உங்கள் கையில்.

எத்திக்ஸைப் பொது அறிவில் சமாளித்துவிடலாம் என்று நினைக்கிறவர்கள் அதிகம். அப்படியில்லை, அங்கே ஒரு திட்டமான வரிசை இருக்கிறது: முதலில் பொதுமக்களின் உடல்நலமும் பாதுகாப்பும், அதன் பிறகுதான் வேலை கொடுத்தவரும் வாடிக்கையாளரும், அப்புறம் சக பொறியாளர்கள். ஒரு தடுப்புச் சுவரின் வடிவமைப்பு ஆபத்தாக இருக்கிறது என்று நீங்கள் சொல்கிறீர்கள், மேலதிகாரி 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்று தள்ளிவிடுகிறார். இப்போது என்ன செய்ய வேண்டும்? நம் அலுவலகப் பழக்கத்தில் பெரியவர் சொன்னால் விட்டுவிடுவோம். விதி அப்படிச் சொல்லவில்லை. பொதுமக்களுக்கு ஆபத்து வரும்படி உங்கள் தொழில்முறைத் தீர்ப்பு மீறப்பட்டால், வேலை கொடுத்தவருக்கோ வாடிக்கையாளருக்கோ தெரிவிக்க வேண்டும். உரிய அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். அதேபோல உங்கள் பொறுப்பில் தயாராகாத வரைபடத்தில் சீல் குத்தக் கூடாது, நண்பர் கேட்டாலும், முதலாளி கேட்டாலும். ஹயாட் விபத்தை மனதில் வைத்துக்கொண்டு இந்த விதிகளைப் படித்தால் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்பது புரியும்.

பதிவு, பெயர், தேர்வு நாள்

என்.சி.இ.இ.எஸ். இணையதளத்தில் கணக்குத் தொடங்கும்போது மாநிலத்தைக் கேட்கும். எந்த மாநிலத்தில் இ.ஐ.டி. சான்று வாங்கப் போகிறீர்களோ அதைத் தேர்ந்தெடுங்கள். சில வாரியங்கள் முன்னதாகத் தங்களிடம் விண்ணப்பிக்கச் சொல்லும். கட்டணம் 225 டாலர்.

பெயர் விஷயத்தில் தமிழர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மையத்தில் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். இனிஷியலை விரித்த பெயர் ஒரு ஆவணத்தில், விரிக்காத பெயர் இன்னொன்றில், பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி என்று நம்மில் பலருக்கும் இருக்கிறது. எந்த அட்டையைக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்து, அதைப் பார்த்தே பதிவு செய்யுங்கள். பிற்பாடு உரிமத்திலும் சீலிலும் ஏறப்போவது இந்தப் பெயரின் தொடர்ச்சிதான் என்பதால் இங்கேயே சரிசெய்துகொள்வது நல்லது.

மையத்தில் படம் எடுப்பார்கள், உள்ளங்கையின் ரத்தநாளத்தை ஸ்கேன் செய்வார்கள், சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கக் காகிதத்துக்குப் பதில் அழித்து எழுதும் ஒரு சிறு பலகைப் புத்தகமும் மார்க்கர் பேனாவும் தருவார்கள். அதில் சின்ன எழுத்தில் எழுத வராது. வீட்டிலேயே ஒருமுறை அப்படி எழுதிப் பாருங்கள்.

கேள்விகள் இரண்டு பகுதியாக வரும். ஏறக்குறைய பாதிக் கேள்விகள் முடிந்ததும் முதல் பகுதியைச் சமர்ப்பித்துவிட்டு இடைவேளைக்குப் போகலாம். சமர்ப்பித்த பிறகு அந்தப் பகுதிக்குத் திரும்ப முடியாது. 5 மணி 20 நிமிடம் இரண்டு பகுதிக்கும் சேர்த்துத்தான். முதல் பகுதியில் மூன்றரை மணி நேரத்தைச் செலவழித்துவிட்டு, ஜியோடெக்னிக்கலும் போக்குவரத்தும் வருகிற நேரத்தில் ஓட வேண்டிய நிலை வரக் கூடாது. பாதி நேரத்தைத் தாண்டினால் தெரியாத கேள்விகளில் ஏதோ ஒரு விடையைக் குறித்துவிட்டு நகருங்கள். இடைவேளையில் கட்டாயம் எழுந்து ஏதாவது சாப்பிடுங்கள்.

முடிவும் அதன் பிறகும்

7 முதல் 10 நாளில் மின்னஞ்சல் வரும். தேறாதவர்களுக்கு ஒவ்வொரு தலைப்பிலும் எப்படிச் செய்தார்கள் என்று ஓர் அறிக்கை கிடைக்கும். அதுதான் அடுத்த முறைக்கான படிப்புத் திட்டம். எங்கே சரிவு என்று அது நேராகக் காட்டிவிடும். வருடத்தை மூன்று மாதக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு கட்டத்தில் ஒருமுறை, 12 மாதத்தில் அதிகபட்சம் மூன்று முறை எழுதலாம். சில மாநிலங்களில் இதைவிடக் கடுமையான வரம்பு உண்டு.

தேறியவர்கள் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். பாஸ் என்ற மின்னஞ்சல் வந்ததாலேயே நீங்கள் இ.ஐ.டி. ஆகிவிடவில்லை. மாநில வாரியத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தியப் பட்டம் வைத்திருப்பவர்களிடம் பல வாரியங்கள் பட்ட மதிப்பீடு கேட்கும். என்.சி.இ.இ.எஸ். அதையும் செய்து தருகிறது. கணிதமும் அடிப்படை அறிவியலும் 32 கிரெடிட், பொறியியல் பாடங்கள் 48 கிரெடிட் என்ற அளவுகோலோடு நம் மதிப்பெண் பட்டியலை ஒப்பிடுவார்கள். பாடத்திட்டமும், நீங்கள் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து வர வேண்டிய அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியலும் தேவைப்படும். ஊரில் அண்ணனோ தங்கையோ பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நடையாய் நடக்கிற வேலை இது. தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும்போதே இதையும் தொடங்கிவிடுங்கள்.

அப்புறம், முதல் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திட்டம், அதில் நீங்களே போட்ட கணக்கு என்ன, எடுத்த முடிவு என்ன, மேற்பார்வை செய்த உரிமம் பெற்ற பொறியாளர் யார், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை. நான்கு வருடம் கழித்து முழு உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது வாரியம் கேட்பது இதைத்தான். அதற்குள் அந்த மேற்பார்வையாளர் வேறு கம்பெனிக்கோ வேறு மாநிலத்துக்கோ போயிருக்கலாம். கலிஃபோர்னியாவில் சிவில் உரிமம் வாங்க நினைப்பவர்கள் நிலநடுக்க வடிவமைப்பிலும் சர்வேயிலும் இன்னும் இரண்டு மாநிலத் தேர்வுகள் எழுத வேண்டும் என்பதையும் இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த சர்வே தேர்வுக்கு எஃப்.இ.க்குப் படித்த சர்வே பாடம் கைகொடுக்கும், குறிப்புகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.